உறக்கத்தை வெட்டி நடந்தால் சீனி இறங்குமா?

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஆட்கள் நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். அவர்களில் பலர் சீனி வியாதிக்காரர்கள் என்பது கூடவே நாலு எட்டு நடந்தால் தெரிந்துவிடும். யாருக்கு எவ்வளவு இருக்கிறது, எந்த மாத்திரை கேட்கிறது, எந்த டாக்டர் நிதானமாகப் பார்க்கிறார், வெந்தயம் ஊறவைத்துக் குடித்தால் இறங்குமா என்று எல்லாமே பேச்சில் வந்துவிடும். ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. பன்னிரண்டு மணி வரை செல்போன் பார்த்துவிட்டு, நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து வந்தவர், நடையைத் தவறவிடவில்லை என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போகிறார். நாலரை மணி நேர உறக்கத்தை வைத்துக்கொண்டு அவர் நடக்கும் நடை, அவர் நினைக்கிற அளவு பலன் தருவதில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

நீரிழிவு நம்மைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கணக்கைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு. தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேர், அதாவது ஏழு பேரில் ஒருவர். இந்த ஏழில் ஒருவருக்கு நாம் காலம்காலமாகச் சொல்லிவருவது மூன்று விஷயம்: சாப்பாடு, நடை, மருந்து. உறக்கம் இந்தப் பட்டியலில் வெகுகாலம் இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் ஐரோப்பிய நீரிழிவு ஆய்வுச் சங்கமும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில்தான், நடை, உடற்பயிற்சி, உட்கார்ந்திருக்கும் நேரம் ஆகியவற்றோடு உறக்கத்தையும் ஒரே வரிசையில் வைத்து, 24 மணி நேரத்தையும் ஒன்றாகப் பார்க்கச் சொன்னார்கள். அந்தச் செய்தி நம் ஊர் கிளினிக்குகளின் நெரிசலைத் தாண்டி நோயாளியின் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

உறக்கம் குறைந்தால் சீனி ஏறும் என்பது வெறும் ஊகமாக இருந்த காலம் போய் ரொம்ப நாளாகிவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள்; 1999இல் வெளிவந்தது. எல்லோரும் நோய் நொடி இல்லாத ஆட்கள். ஆறு இரவு தொடர்ந்து நாலு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். அப்புறம் குளுக்கோஸைச் செலுத்திப் பார்த்தபோது, ரத்தத்திலிருந்து அது வெளியேறும் வேகம் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. சாயங்காலத்தில் தணிய வேண்டிய, சீனியை ஏற்றும் கார்டிசால் என்ற சுரப்பு (ஹார்மோன்) தணியாமல் நின்றது. நன்றாக உறங்கவிட்ட பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒரே வாரத்தில், அதுவும் ஆரோக்கியமான இருபது வயதுக்காரருக்கே இப்படி என்றால், கணையம் ஏற்கெனவே தளர்ந்துபோன ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு என்ன ஆகும்?

அதே பல்கலைக்கழகத்தில் 2008இல் வெளியான இன்னொரு சோதனை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. அதில் உறக்கத்தின் நேரத்தைக் குறைக்கவே இல்லை. ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகிறார் என்று கருவி காட்டியதும் ஒரு சத்தத்தை எழுப்பினார்கள். ஆள் விழிக்கமாட்டார், ஆழத்திலிருந்து மேலோட்டமான உறக்கத்துக்கு வந்துவிடுவார், அவ்வளவுதான். மூன்று இரவு இப்படிச் செய்ததில், இன்சுலினுக்கு உடல் இணங்கும் திறன் சுமார் 25 சதவீதம் இறங்கிவிட்டது. கலந்துகொண்டவர்கள் 9 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் அது சொல்லும் சேதி நம் ஊருக்கு ரொம்பப் பொருந்தும். கோயில் கொடைத் திருவிழா நடக்கும் தெருவில் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே படுத்துக்கொண்டு, "எனக்கென்ன, நான் எப்பிடியும் உறங்கிருவேன்" என்பவர்கள் நம்மிடையே உண்டு. மணிக்கணக்கில் அவர் உறங்கியது உண்மைதான். அந்த உறக்கத்துக்குள் ஆழம் எவ்வளவு இருந்தது என்பது அவருக்கே தெரியாது.

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சீனியைப் பற்றித்தான் இங்கே அதிகமான குழப்பம். "ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான் சாப்ட்டேன் அண்ணாச்சி, காலையில பாத்தா நூத்தி எழுபதுங்கான்" என்று பரிசோதனை நிலையத்தின் மேல் சந்தேகப்படுகிறவர்கள் பலர். இரவில் நாம் சாப்பிடாமல் இருக்கும்போது மூளைக்கும் ரத்தச் சிவப்பணுக்களுக்கும் வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டிருக்கும். விடியலை நெருங்கும்போது நம்மை எழுப்பத் தயார்செய்யும் சுரப்புகள் ஏறும். கல்லீரல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விடும். நல்ல கணையம் உள்ளவருக்கு அதற்கேற்ப இன்சுலின் சுரந்து கணக்கு நேராகிவிடும். நீரிழிவு உள்ளவருக்கு நேராகாது. இதற்கு மேல் உறக்கமும் குறைந்தால் பதற்றத்துக்கான நரம்பு மண்டலம் ராத்திரி முழுக்க ஓய்வில்லாமல் வேலை செய்கிறது, கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கலக்கிறது, இன்சுலினின் பேச்சு இன்னும் எடுபடாமல் போகிறது. அந்த 170இல் இட்லிக்கு மட்டும் பங்கு இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருந்ததற்கும் பங்கு உண்டு.

பசியும் இதில் சேர்கிறது. உறக்கம் குறைந்தால், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும், பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறும். 12 இளைஞர்களிடம் இரண்டே இரவில் இந்த மாற்றத்தைக் கண்டார்கள். அவர்கள் மனம் தேடியது கீரையும் சுண்டலும் அல்ல. இனிப்பும், உப்பு நொறுக்கும், மாவுப் பண்டங்களும்தான். இரவு பதினொரு மணிக்கும் பரோட்டாக் கல் சூடாக இருக்கும் ஊர் நம்முடையது. விழித்திருப்பவருக்குச் சால்னா வாசனையைத் தாண்டிப்போகத் தனி மனவலிமை வேண்டும். அந்த நேரத்தில் உண்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இருட்டியதும் மூளை சுரக்கும் மெலடோனின், உறக்கத்தை வரவழைப்பதோடு கணையத்துக்கும் ஓய்வுச் சைகை கொடுக்கிறது. அதே பரோட்டாவை ஏழு மணிக்குச் சாப்பிட்டால் ஏறுவதைவிடப் பதினொன்றுக்குச் சாப்பிட்டால் சீனி கூடுதலாக ஏறும், கூடுதல் நேரம் நிற்கும். மறுநாள் அசதியைப் போக்க நாலு தடவை காப்பி. கருப்பட்டிக் காப்பி என்றால் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை உடன்குடியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை பரவிக் கிடக்கிறது. கருப்பட்டியில் பெரும்பகுதி சர்க்கரைதான், உடம்புக்குள் போனால் சீனி செய்வதையே அதுவும் செய்யும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது பாதிதான். உறக்கம் கெட்டால் சீனி ஏறும். சீனி ஏறினால் உறக்கம் கெடும். இந்த இரண்டாவது பாதியைப் பற்றி நோயாளிகளே டாக்டரிடம் வாய் திறப்பதில்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள்.

ராத்திரியில் மூன்று நாலு முறை சிறுநீருக்கு எழுந்திருப்பதை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் சீனி சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கும், இறங்கும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். நாக்கு வறண்டு தாகம் எடுக்கும், தண்ணீர் குடிப்பார், மறுபடி எழுந்திருப்பார். இதில் மருந்தின் நேரத்துக்கும் பங்கு இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரை அதிகம் போக வைக்கும். நீரிழிவுக்கே இப்போது பரவலாக எழுதும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள், சீனியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றியே வேலை செய்கின்றன. இவற்றைக் காலையில் போடச் சொல்லித்தான் பொதுவாக எழுதுவார்கள். வீட்டில் பேரப்பிள்ளை எடுத்துக் கொடுக்கும்போது ராத்திரிக்கு மாறிவிடும். டாக்டரிடம் சீட்டைக் காட்டி நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டால் சிலருக்கு அந்த வாரமே ஓர் உறக்கம் திரும்பக் கிடைக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் காரணமாக இருக்கலாம் என்பதால், சீனி கட்டுக்குள் இருந்தும் எழுந்துகொண்டே இருப்பவர் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால் எரிச்சல் இன்னொன்று. பகலில் வேலை ஓட்டத்தில் தெரியாது. படுத்ததும் உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசினது போல எரியும். போர்வை பட்டாலே தாங்காது என்பார்கள். நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது என்பதற்கு அது அடையாளம், மருந்து இருக்கிறது. நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து அதே மாதிரி எரிச்சலும் மரமரப்பும் வரலாம் என்பதால், அந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்டு எடுத்துக்கொள்வது நல்லது.

ராத்திரியில் சீனி தாழ்ந்துபோவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிராபத்து இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ராத்திரி சரியாகச் சாப்பிடாமல் மருந்தை மட்டும் போட்டால், நடுச்சாமத்தில் 70க்குக் கீழே இறங்கிவிடலாம். பனியன் நனைய வேர்ப்பது, கெட்ட கனவு, நெஞ்சு படபடப்பு, காலையில் எழும்போது தலைவலி, தலையணை ஈரம் எல்லாம் அதன் தடயங்கள். மே மாதத்து வேர்வையோடு இது கலந்துபோய்விடும், கரண்ட் போனதால் வேர்த்தது என்று நினைத்துக்கொள்வார்கள். சந்தேகம் இருந்தால் ராத்திரி இரண்டு மூன்று மணிவாக்கில் ஒருநாள் எழுந்து குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட வேண்டும். காலையில் ஏறி நிற்கும் சீனிக்குக் காரணம் விடியற்காலைச் சுரப்பா, ராத்திரித் தாழ்வா என்று டாக்டர் முடிவுசெய்ய அந்த ஒரு எண் பெரிய உதவி. காலைச் சீனியை மட்டும் பார்த்துவிட்டுத் தானாகவே ராத்திரி மருந்தைக் கூட்டுகிறவர்கள் ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்கப்படாமல் கிடப்பது குறட்டை. "அவுக என்னமா உறங்குதாக, குறட்டைச் சத்தம் தெருமுக்கு வரைக்கும் கேக்கும்" என்று வீட்டில் பெருமையாகவே சொல்வார்கள். குறட்டை நடுவில் திடீரென்று நிற்கும். பத்து விநாடி, இருபது விநாடி மூச்சே இருக்காது. அப்புறம் ஒரு திணறலோடு மறுபடி தொடங்கும். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதால் வரும் உறக்க மூச்சுத்தடை இது. மூச்சு நிற்கும் ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி உடம்பை உசுப்பும், ரத்த அழுத்தம் துள்ளும், சீனியை ஏற்றும் சுரப்புகள் பாயும். மணிக்கு ஐந்து முறைக்கு மேல் இப்படி நடந்தால் நோய் என்று கணக்கு; முப்பதைத் தாண்டினால் கடுமையான நிலை. அவர் எழுந்ததாக அவருக்கே நினைவிருக்காது. அமெரிக்காவில் உடல்பருமனோடு நீரிழிவும் உள்ள 306 பேரை உறக்கத்தில் சோதித்தபோது, 86 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அதில் பெரும்பாலோருக்கு அதுவரை தெரியாது. நம்மவர்கள் அவர்கள் அளவுக்குக் குண்டாக இல்லையே என்று ஆறுதல்பட வேண்டாம். தெற்காசியர்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து இன்சுலின் எதிர்ப்பு வந்துவிடுகிறது. கழுத்தும் தொப்பையும் பெருத்தவர் பார்வைக்குச் சுமாரான உடம்போடு இருக்கலாம்.

சி-பாப் என்ற காற்றழுத்தக் கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டு உறங்கினால் மூச்சு அடைபடாது, பகல் மயக்கம் தெளியும், ரத்த அழுத்தமும் ஓரளவு இறங்கும். மூன்று மாதச் சராசரிச் சீனியும் அதனால் தானாக இறங்கிவிடும் என்று மட்டும் என்னால் எழுத முடியாது; அதுபற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாகவே வந்திருக்கின்றன. எடை குறைவதுதான் இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. எடை குறைய வேண்டுமென்றால் உடம்பு அசைய வேண்டும். பகலெல்லாம் கண் சொருகிக்கொண்டிருக்கும் ஆளை எப்படி நடக்க வைப்பது? முடிச்சு விழுவது இந்த இடத்தில்தான்.

நடை எப்படிச் சீனியைக் குறைக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி தானாகப் புரியும். சாதாரணமாக ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைக்குள் போக இன்சுலின் வந்து வாசலைத் திறக்க வேண்டும். நீரிழிவில் அந்த முன்வாசல்தான் திறக்க மறுக்கிறது. தசை சுருங்கி விரியும்போது மட்டும், இன்சுலினைக் கேட்காமலே புறவாசல் ஒன்று திறக்கிறது. குளுக்கோஸ் அந்த வழியாக உள்ளே போகிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரைகூட, இன்சுலினுக்குத் தசை கொஞ்சம் அதிகமாக இணங்குகிறது. அதனால்தான் வாரத்தில் 150 நிமிடம் என்று சொல்வதோடு, இரண்டு நாளுக்கு மேல் சேர்ந்தாற்போல் விடாதீர்கள் என்றும் சொல்கிறார்கள். வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு எடை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது எதுவானாலும் சரி. குளுக்கோஸ் போய்ச் சேரும் பெரிய கிடங்கே தசைதான்.

உறக்கம் குறைந்த உடம்பில் இந்த வேலை பல இடத்தில் தடைப்படுகிறது. அதே தூரம், அதே வேகம், ஆனால் பெரும்பாடாகத் தோன்றும். இதயமும் நுரையீரலும் பெரும்பாலும் முன்போலத்தான் இயங்கும். மூளை அதைக் கடினம் என்று கணக்கெடுக்கிறது. நாலாவது சுற்றோடு நிறுத்திவிடுவார். மூட்டு வலி கூடுதலாக உறைக்கும், ஏனென்றால் உறக்கமின்மை வலியைத் தாங்கும் அளவையே குறைக்கிறது. தசையைப் பழுதுபார்க்கும் வளர்ச்சிச் சுரப்பு ஆழ்ந்த உறக்கத்தில்தான் அதிகம் சுரக்கும். அது கிடைக்காதபோது பயிற்சியின் பலன் தசையில் தங்காது. இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: காலையில் நாற்பது நிமிடம் நடந்துவிட்டு, உறக்கம் போதாத அசதியில் மீதிப் பகல் முழுக்க நாற்காலியிலும் கட்டிலிலும் கிடந்தால், மொத்தத்தில் அசைவு குறைந்துதான் இருக்கும். கால் மரத்துப்போனவர் அரை உறக்கத்தில் இருட்டில் நடந்தால் குத்திய முள்கூடத் தெரியாது. கால் புண் என்னவாகும் என்று இந்த ஜில்லாவில் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் உறங்காத மறுநாள் நடக்கவே கூடாது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவில் 24 இளைஞர்களை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து இரவு நாலு மணி நேரம் மட்டும் உறங்கியவர்களுக்குத் தசையில் புதுப் புரதம் உருவாவது குறைந்தது, சீனியைச் சமாளிக்கும் திறனும் குறைந்தது. அதே நாலு மணி நேர உறக்கத்தோடு இடையில் மூன்று முறை கடுமையான பயிற்சியும் செய்த குழுவுக்கு அந்த இறக்கம் வரவில்லை. பயிற்சி ஒரு கேடயமாக நிற்கிறது என்று இது காட்டுகிறது. ஆனால் அவர்கள் இளைஞர்கள், நோயில்லாதவர்கள், அதுவும் ஐந்தே இரவு. வருஷக்கணக்கில் நாலரை மணி நேரம் உறங்கும் நீரிழிவுக்காரர் அந்தக் கேடயத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. பிரிட்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேரைப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்து 2024இல் ஓர் ஆய்வு வந்தது. ஏழெட்டு மணி நேரம் உறங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஐந்து மணி நேரம் உறங்கியவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 16 சதவீதமும், மூன்று நாலு மணி நேரம் மட்டும் உறங்கியவர்களுக்கு 41 சதவீதமும் கூடுதல். நல்ல சாப்பாடு சாப்பிட்டவர்களிடமும் குறுகிய உறக்கத்தின் ஆபத்து குறையவில்லை. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிரூபிக்கவில்லை. முன்னே சொன்ன சோதனைகளோடு சேர்த்துப் படித்தால் கனம் தெரியும்.

எனவே ராத்திரி நேரமாகிப் படுத்தவர் அலாரத்தை ஆறரைக்குத் தள்ளி வைக்கட்டும். நடையை அன்றைக்கு மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதைவிட நல்லது, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. சாப்பாடு முடித்து ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும் நேரத்தில் தசை வேலை செய்வதால், வயதானவர்களுக்கு இது நல்ல பலன் தருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துக்கொண்டு, தெருவில் அம்மன் கோயில் வரை போய்த் திரும்பினால் கணக்கு முடிந்தது. இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும் சாயங்காலம் கடுமையாக உழைத்தால் நடுராத்திரியில் சீனி தாழலாம் என்பதால், படுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நடை தன் பங்குக்கு உறக்கத்தையும் மேம்படுத்தும். படுப்பதற்குச் சற்று முன்னால் மூச்சிரைக்கும் பயிற்சி வேண்டாம், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இது கைகூடுமா என்றால், கூடாது. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். நனைத்த இலையைக் கத்தரிக்கோலால் அளவாக வெட்டி, சுளவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஆயிரம் முடியும் வரை எழுந்திருக்க முடியாது. வீட்டு வேலை, பிள்ளைகள் பாடு எல்லாம் முடிந்து மிச்சத்தை ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில்தான் சுற்றி, நூல் போட்டுக் கட்ட வேண்டும். படுக்கப் பதினொன்றரை, தண்ணீர் வருமென்று எழுந்திருக்க நாலரை. என் உறவில் ஒரு மதினி இப்படித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். நாற்பதில் சீனி வந்தது. போகிற இடமெல்லாம் நடக்கச் சொன்னார்கள். "எப்ப நடக்க, எங்க நடக்க, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார். அவருக்கு உதவியது ஒரே ஒரு மாற்றம்தான்: நூறு பீடிக்கு ஒருமுறை எழுந்து முற்றத்தில் மூன்று நிமிடம் நடப்பது. நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பதை அரை மணிக்கு ஒருமுறை முறித்தால் சீனி இறங்குகிறது என்பதற்குச் சான்று உண்டு. உறக்க நேரத்தை அவரால் கூட்ட முடியவில்லை. ஆயிரத்துக்குக் கிடைக்கும் கூலி கூடினால்தான் அது நடக்கும், அதை டாக்டர் எழுதித்தர முடியாது. கங்கைகொண்டான் ஆலைகளில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்கள், ராத்திரி பஸ் ஓட்டுகிறவர்கள் நிலையும் இதே. அவர்கள் குறைந்தது தங்கள் ஷிப்டை டாக்டரிடம் சொல்லி மருந்து நேரத்தை அதற்கேற்ப வாங்கிக்கொள்ள வேண்டும். நைட் ஷிப்டில் பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன்பே முடித்துக்கொள்வதும் உதவும்.

மற்றவர்களுக்குக் கையில் இருக்கும் விஷயங்கள் சில இருக்கின்றன. சித்திரை வைகாசியில் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் கூரை ராத்திரி முழுக்க வெப்பத்தை இறக்கும். உடம்பின் உள்சூடு சற்று இறங்கினால்தான் உறக்கம் பிடிக்கும். நரம்பு பாதித்த நீரிழிவுக்காரர்களுக்கு வேர்ப்பதே குறைவதால் அது இன்னும் கஷ்டம். படுக்கும் முன் குளியல், மொட்டை மாடியில் சாயங்காலம் தண்ணீர் தெளிப்பது, மெத்தையை ஒதுக்கிவிட்டுப் பத்தமடைப் பாயில் படுப்பது எல்லாம் செலவில்லாத வழிகள். மேற்கே சாரல் கட்டும் ஆனி ஆடியில் உறக்கம் நன்றாக வருகிறது என்று இங்கே எல்லோரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. மத்தியான உறக்கம் இருபது முப்பது நிமிடத்தோடு நிற்கட்டும். இரண்டு மணி நேரம் நீண்டால் ராத்திரிப் பங்கைத் தின்றுவிடும். காப்பியின் காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும் என்பதால், நாலு மணிக் காப்பியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கொடைக்குப் போகாதீர்கள் என்று எழுத எனக்கு மனமில்லை, சாமக்கொடையில் கண்விழிப்பது எங்கள் பிறப்போடு வந்தது. மறுநாள் பகலில் உறங்கிக்கொள்ளுங்கள், மருந்தையும் சாப்பாட்டையும் நேரம் தவறவிடாதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் உறக்க மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். மூச்சுத்தடை உள்ளவருக்குச் சிலவகை உறக்க மாத்திரைகளும், அதேபோல மதுவும், தொண்டையை இன்னும் தளர்த்தி நிலைமையை மோசமாக்கும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. சீனிக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, கொண்டுவரும் பெண்கள் அநேகமாக அந்த ஊரையே அறிந்தவர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போது சொல்ல நேரமில்லாததை அவர்களிடம் வாசல்படியில் உட்கார்ந்து சொல்ல முடியும். உறக்க மூச்சுத்தடை இருக்கக்கூடியவர்களைச் சலித்தெடுக்க 2008இல் கனடாவின் டொராண்டோவில் மயக்க மருந்து மருத்துவர்கள் உருவாக்கிய எட்டுக் கேள்விகள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. சத்தமாகக் குறட்டை விடுவாரா, பகலில் அசதியா, உறக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்ததுண்டா, ரத்த அழுத்தம் உண்டா, எடை அதிகமா, வயது ஐம்பதைத் தாண்டியதா, கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா, ஆணா. மூன்று ஆமாம் வந்தாலே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்க்கலாம். மாத்திரைப் பையோடு வருகிறவரிடம் இந்தக் கேள்விகள் அச்சிட்ட ஒரு தாளையும் தையல்காரர் வைத்திருக்கும் ஒரு இன்ச் டேப்பையும் கொடுத்துவிட அரசுக்குப் பெரிய செலவு ஆகாது. அதுவரை, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். குறட்டை எங்கே நிற்கிறது என்று சொல்லத் தெரிந்தவர் அவர்தான்.